அறுக்கக் காத்திருந்த கிடா

அத்தியாயம் 17

கிறிஸ்துமஸ் அன்று காலை எங்கள் தெருவில் உயிரோடு இருந்த ஒரே கிடா டால்யோப் வீட்டுக் கிடாதான்.

மற்ற வீடுகளில் முந்தின நாளே வேலை முடிந்துவிட்டது. எல்லாக் கொல்லையிலும் புகை, எல்லாச் சுவரிலும் உப்புத் தடவிக் காயப்போட்ட தோல். டால்யோப் வீட்டுக் கிடா மட்டும் கொய்யா மரத்தடியில் நின்று வேர்க்கடலைக் கொடியை மென்றுகொண்டிருந்தது. பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று கிளப்பிய புழுதியில் அதன் வெள்ளை முதுகு பழுப்பேறிப் போயிருந்தது.

போன வாரம் டால்யோப்பின் மகள் சுந்துங் தொலைபேசியில் அழுதது உங்களுக்கு மறந்திருக்காது. முஸ்லிமைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போன நாளிலிருந்து மகளின் பெயரையே வாயில் எடுக்காத டால்யோப், அன்று மனைவியின் கையிலிருந்த போனைத் தானே வாங்கிப் பேசினார்.

"கிறிஸ்துமஸுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. கிடாவை அவன்தான் அறுக்கணும். அவங்கப்பா கத்தி இருக்குமில்ல, அதை எடுத்துட்டு வரச் சொல்லு."

இந்தக் கத்தியைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை இலியாசுவின் அப்பா ஷேஹு மல்லம் ஒரு காலத்தில் டால்யோப்புக்கு அடுத்த வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். கிடாவை மக்கா இருக்கும் திசை பார்த்துக் கிடத்தி, இறைவன் பெயரைச் சொல்லி அறுப்பார். அவர் கை பட்டு அறுத்ததால், தெருவிலிருந்த முஸ்லிம் வீட்டுக்காரர்கள் எல்லோரும் இந்த வீட்டுப் பானையில் தயங்காமல் கை வைத்தார்கள். பக்ரீத் வந்தால் அவர் வீட்டிலிருந்து ஒரு தொடை சுவர் தாண்டி இங்கே வரும். இதற்கெல்லாம் நல்லிணக்கம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, மேடை போட்டுப் பேசவுமில்லை.

பிறகு மதக் கலவரத்தில் எங்கள் ஜோஸ் நகரம் பற்றி எரிந்தது. ஷேஹுவின் வீடு சாம்பலாயிற்று. அவர் குடும்பத்தோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், அங்கேயே கண்ணை மூடினார். அதே வாரத்தில் டால்யோப்பின் மூத்த மகன் இஷாயா, மாவு வாங்கி வருகிறேன் என்று போனவன், திரும்பவில்லை. இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் சிலுவை, அந்தப் பக்கம் பிறை, நடுவில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ராணுவம். தெருவில் கிறிஸ்துமஸ் நடக்கத்தான் நடக்கிறது. அறுக்கக் கூப்பிட ஒரு முஸ்லிம்தான் இல்லை.

அன்று காலை கோயிலிலிருந்து வந்ததும் சுந்துங்கின் அம்மா கனெங் உடை கூட மாற்றவில்லை. அவளுக்குக் காலே தரையில் பாவவில்லை. முற்றத்தைப் பெருக்கினாள், பெரிய பானையைக் கழுவினாள், கிடாவுக்குத் தண்ணீர் வைத்தாள். பக்கத்து வீட்டு ரிஃப்கத்து சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன கனெங், உங்க கிடாவுக்கு மட்டும் ஆயுசு கெட்டியா இருக்கு? கோயிலுக்கும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே. ஞானஸ்நானமாவது கிடைச்சிருக்கும்."

"அறுக்க ஆள் வராங்க."

"யாரு?"

இங்கே கனெங் வாயை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. இத்தனை வருடம் மூடிய வாய் அது.

"என் மருமகன்," என்றாள். அந்தத் தெருவில் அந்தச் சொல்லை அவள் உரக்கச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னது இனித்தது, அதனால் இன்னொரு முறையும் சொன்னாள். "என் மருமகன் இலியாசு. அவங்கப்பா கத்தியை எடுத்துட்டு வராரு."

ரிஃப்கத்து கெட்டவள் இல்லை. "வரட்டும், வரட்டும். பிள்ளைங்க வீட்டுக்கு வந்தா நல்லதுதானே," என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் போனாள். போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் பீர் கடையில் சொன்னார். பீர் கடையிலிருந்து முச்சந்திக்குப் போவதற்குள் மருமகன் கழன்று விழுந்தான், கிடாவும் கழன்று விழுந்தது. முஸ்லிம், கத்தி என்ற இரண்டு சொற்கள் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

முச்சந்தியில் ஆட்டோவை நிறுத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான் கியாங். கனெங்கின் இரண்டாவது மகன், இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே மகன். பன்ஷக் வந்து ஆட்டோவின் கம்பியில் சாய்ந்தான். இரவுக் காவல் என்ற பெயரில் தெருவைத் தன் கையில் வைத்திருக்கும் கும்பலுக்கு அவன்தான் தலைவன். அன்று புதுச்சட்டை போட்டிருந்தான்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ் கியாங். உங்க வீட்டுக்கு இன்னைக்கு விருந்தாளியாமே."

"யார் சொன்னா?"

"கத்தியோட வராராமே. நாங்க வேணா வாசல்ல நின்னு வரவேற்கவா? மாலை எல்லாம் வாங்கணுமே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கியாங்கும் சிரித்தான், சிரித்துத்தான் ஆக வேண்டும். பன்ஷக் சிரிக்கவில்லை.

"இஷாயா அண்ணனைத் தேடி நானும்தான் பள்ளம் பள்ளமா இறங்கிப் பாத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கியாங் பாதி உரித்த ஆரஞ்சை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, யார்கிட்ட என்ன சொன்ன?"

"ரிஃப்கத்துகிட்ட சொன்னேன். ஏன், சொன்னா என்ன? திருட்டுத்தனமாவா வராங்க?"

"முச்சந்தி முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. ஒரு முஸ்லிம் கத்தியோட நம்ம தெருவுக்கு வரான்னு பேசிக்கிறாங்க. அதுவும் கிறிஸ்துமஸ் அன்னைக்கு."

"கிடா அறுக்கத்தானேடா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் நம்ம கொல்லைல கிடாவை அறுத்துட்டு கை கழுவ வெளிய வருவான். கை நிறைய ரத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் பன்ஷக் நிப்பான். அப்போ அவனை உக்கார வெச்சு ஷேஹு மல்லம் கதையெல்லாம் சொல்லிட்டிருப்பியா?"

கனெங் புருஷனைப் பார்த்தாள். டால்யோப் கொய்யா மரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வாதத்தால் அவர் அதிகம் நடமாடுவதில்லை. அவர் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லவா அப்பா?"

"அவ இங்க வந்து எத்தனை வருஷம் ஆகுது," என்றாள் கனெங். "பேத்தி மூஞ்சியை நான் போன்லதான் பாத்திருக்கேன். வர வேண்டாம்னு சொன்னா அப்புறம் என் பொணத்துக்குத்தான் வருவா. சொல்லக் கூடாது."

கியாங் சொல்லத்தான் பார்த்தான். கிறிஸ்துமஸ் அன்று ஊரே போனைக் காதில் வைத்திருக்கும். நாலு தடவை போட்டும் இணைப்புக் கிடைக்கவில்லை.

"நீயே போ," என்றாள் கனெங். "பாலத்துல நின்னு உன் ஆட்டோல ஏத்திட்டு வா. நீ பக்கத்துல இருந்தா எவன் தொடுவான்?"

இஷாயா மாவு வாங்கப் போனபோதும் பக்கத்தில் ஆள் இருந்தது என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கியாங் கிளம்பினான்.

பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. அவர்களை ஏற்றி வருவதா, திருப்பி அனுப்புவதா? ஏற்றி வந்தால் பன்ஷக், திருப்பி அனுப்பினால் அம்மா. இரண்டில் எது பரவாயில்லை என்று தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் விடாமல் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

பாலத்தில் யோசிக்க வேலையே வைக்கவில்லை. இலியாசு ஏற்கெனவே ரோட்டோரம் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான். மடிப்புக் கலையாமல் தேய்த்த வெள்ளை நீள அங்கி, கறுப்புத் தொப்பி, மாமனார் வீட்டுக்கென்றே உடுத்தியது. சுந்துங் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சிப்பாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மணல் மூட்டையின் மேல், பிரித்த துணியில், ஷேஹு மல்லத்தின் கத்தி கிடந்தது. அதன் மரப்பிடியில் சுற்றிய செப்புக் கம்பியைக் கூடக் கியாங்குக்கு ஞாபகம் இருந்தது.

அவனைப் பார்த்ததும் இலியாசுவின் முகத்தில் உயிர் வந்தது.

"இதோ கியாங் வந்துட்டான் சார். அவனையே கேளுங்க."

சிப்பாய்களின் தலைவர் தெற்கத்தி ஆள். பண்டிகைக்கு வீட்டுக்குப் போக விடுப்புக் கிடைக்காத எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"இவன் உனக்கு யாரு?"

"தங்கச்சி புருஷன்."

"உங்க வீட்டுக் கிடாவை அறுக்கக் கத்தி கொண்டுபோறேங்கிறான். கிறிஸ்துமஸுக்கு, கிறிஸ்தவங்க வீட்டுல, இவன் வந்து அறுக்கணுமாம். எங்க ஊர்ல இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்ல. உங்க வீட்டுல கிடா இருக்கா?"

ஆரஞ்சுக் கடையோரம் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன் மேல் பன்ஷக் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

இருக்கிறது என்றால் விட்டுவிடுவார்கள். விட்டால் இலியாசு கத்தியோடு நேரே தெருவுக்கு வருவான். இல்லை என்றால், கிடாவே இல்லாத வீட்டுக்குக் கத்தி எதற்கு, திரும்பிப் போ என்று விரட்டிவிடுவார்கள். உயிரோடு வீடு போய்ச் சேருவான். கியாங்கின் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

"இல்ல சார். நேத்தே அறுத்தாச்சு."

இலியாசு அவனை ஏறிட்டுப் பார்த்தான். "டேய் கியாங்," என்றான். திட்டுகிற குரல் இல்லை அது. சின்ன வயதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விளையாடக் கூப்பிடுவானே, அதே குரல்.

"அப்போ பொய் சொல்லிட்டுக் கத்தியோட பாலம் தாண்டப் பாத்திருக்கான்," என்றார் தலைவர். "ஏத்துங்கடா வண்டில."

கியாங் முன்னால் ஓடி வந்தான். "சார், திருப்பி அனுப்பிடுங்க சார்."

"கத்தியோட பிடிபட்டவனைத் திருப்பி அனுப்ப நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்?"

"சார், நான்தான் பொய் சொன்னேன். கிடா இருக்கு. உயிரோட இருக்கு. இவன் சொன்னதுதான் நிஜம்."

இதை அவன் உரக்கவே சொன்னான். பன்ஷக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றாகிவிட்டது. தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்துப்போன கிடா இப்ப எழுந்துடுச்சா? இன்னைக்கு அவர் பிறந்த நாள்ப்பா. உயிர்த்தெழுந்த நாளுக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்கு."

"கொண்டு வந்து காட்டுறேன் சார்."

"கொண்டு வா. காவல் மாத்துற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும். கிடா நாலு காலால நடந்து வந்தா இவன் ரெண்டு காலால நடந்து போகலாம்."

பன்ஷக் சிரித்தான். "கிடாவுக்கு அடையாள அட்டை இருக்கான்னு பாத்துக் கூட்டிட்டு வா கியாங்."

வண்டியில் ஏறிக்கொண்டே இலியாசு மனைவியிடம் சொன்னான். "புள்ளையை வெயில்ல வெச்சிட்டு நிக்காத. அவன்கூடப் போ. அம்மாவைப் பாத்துட்டு, கிடாவோட வா."

சுந்துங் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறினாள். குழந்தை சாலிஹா பாட்டி வீட்டில் ஆடு இருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தது.

"ஏன் அண்ணா அப்படிச் சொன்ன?"

"வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாங்கன்னு நினைச்சேன். நம்ம தெருவுல அவனை..."

"கிடா இருக்கில்ல?"

"இருக்கு. நான் கிளம்பும்போது கூட அம்மா கொடி போட்டுட்டு இருந்தா. கொழுத்த கிடா. தானா நடந்து வரும்."

சுந்துங் தன் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருவின் முனை திரும்பியதும், எரிந்த மாமனார் வீட்டு இடத்தில் யாரோ கட்டியிருந்த புது வீட்டைப் பார்த்தாள். அப்புறம் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். கனெங் அங்கே நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு.

கைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று கியாங்குக்கு உடனே புரிந்துவிட்டது. ஆட்டோவை அணைக்காமலேயே குதித்துக் கொல்லைக்கு ஓடினான்.

கொய்யாக் கிளையில் கிடா தலைகீழாகத் தொங்கியது. தோல் பாதி உரிந்திருந்தது. டால்யோப் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே உரித்துக்கொண்டிருந்தார். மகள் வந்து நின்றதும் கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் என்பதை எப்படிச் சொல்வேன்.

"வந்துட்டியா? மாப்பிள்ளை எங்க? வாசல்லயா நிக்கிறான்? உள்ள வரச் சொல்லு, இனிமே ஒரு பயமும் இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"கியாங் சொன்னது சரிதான். இந்தத் தெருவுல அவன் கையில கத்தி இருக்கக் கூடாது. ரத்தமும் இருக்கக் கூடாது. அதான் நானே முடிச்சுட்டேன். கத்தி வேலையே இல்லேன்னா சும்மா விருந்தாளியா வந்து சாப்பிட்டுப் போகலாமில்ல. உங்கம்மாதான் கிடா காலைப் பிடிச்சுக்கிட்டா."

கியாங் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பாலத்தில் நடந்ததைச் சுந்துங்தான் சொன்னாள். அழாமல், யார் வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னாள். கிடா உயிரோடு வந்தால் விடுவார்கள் என்றாள்.

கனெங் தலையில் கை வைக்கப் போனாள். கையில் ரத்தம் இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காலையில் சுவரோரம் மருமகன், மருமகன் என்று இரண்டு முறை சொன்னதை அவள் அப்போது நினைத்திருப்பாள். வேறு எதை நினைக்க முடியும்?

டால்யோப் தொங்கிய கிடாவையே பார்த்தார். சந்தோஷம் போய்விட்டது. மீதி இருந்தது ஒரு கிழவர்தான்.

"அவன் சாப்பிடணும்னுதான் பண்ணினேன் சுந்துங். ஷேஹு எந்தப் பக்கம் கிடத்துவானோ அந்தப் பக்கம் பாத்துதான் கிடத்தினேன். அவன் சொல்லுற பேரைத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா? உங்கம்மாவைக் கேளு, சொன்னேனா இல்லையா."

"சொன்னார்," என்றாள் கனெங்.

"அவன் சாப்பிடலாம்தானே? நான் சொன்னா செல்லாதா?"

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற டால்யோப், மூத்த மகனைப் பறிகொடுத்த டால்யோப், அல்லாவின் பெயரைச் சொல்லி ஒரு கிடாவை அறுத்திருக்கிறார். இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். பன்ஷக் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அவ்வளவும் மாப்பிள்ளையை வண்டியிலிருந்து இறக்க இருந்த ஒரே சாட்சியின் கழுத்தில் போய் விழுந்தது.

"செல்லும் அப்பா," என்றாள் சுந்துங். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. குழந்தை அவள் தோளிலிருந்து இறங்கி, இதுதான் பாட்டி வீட்டு ஆடா என்று கேட்டது.

கியாங் எழுந்தான். மீதித் தோலைப் பிடித்து இழுத்து உரித்தான். தோலையும் தலையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"சூடு இருக்கும்மா. நேத்து அறுத்ததா இருந்தா சூடு இருக்குமா? தொட்டுப் பாக்கச் சொல்றேன்."

சுந்துங்கும் கிளம்பினாள். கியாங் வேண்டாமென்றான். முச்சந்தி வழியாகத்தான் போக வேண்டும், இந்த முறை அவளையும் வைத்துக்கொண்டு போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். கனெங் பானையை அடுப்பில் ஏற்றலாமா என்று கேட்டாள்.

"ஏத்துங்க. அவர் வந்ததும் சாப்பிடலாம்."

முச்சந்தியில் வழக்கத்தை விடக் கூட்டம் இருந்தது. கியாங் யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டினான். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான், காற்றில் குளிர்ந்துவிடக் கூடாதே என்று.

பாலத்தில் மணல் மூட்டைகள் இருந்தன. வண்டி இல்லை. கத்தியும் இல்லை. தெற்கத்தித் தலைவரும் இல்லை. புதிதாக வந்த சிப்பாய்கள் தட்டில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"இங்க நின்ன வண்டி எங்க சார்?"

"எந்த வண்டி?"

"கத்தியோட ஒருத்தரைப் பிடிச்சாங்களே."

"நாங்க இப்பத்தான் வந்தோம். சாக்குல என்ன?"

கியாங் சாக்கைப் பிரித்தான். கிடாவின் தலை எட்டிப் பார்த்தது. சிப்பாய் முகத்தைச் சுளித்தான்.

"இதை எதுக்கு இங்க கொண்டு வந்திருக்க?"

"தொட்டுப் பாருங்க சார். சூடு இருக்கும். இன்னைக்குத்தான் அறுத்தது. அவன் பொய் சொல்லல."

"யார் பொய் சொல்லல?"

கியாங் சாக்குக்குள் கையை விட்டுத் தானே தொட்டுப் பார்த்தான். தோல் ஆறிப்போயிருந்தது.